இரண்டாவது முறை வைக்காத தட்டு

திருப்பதியில் தலைமுடி கொட்டினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. வேறு எந்த ஊராக இருந்தாலும் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, பார்ப்பவர்களின் பரிதாபத்துக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு நடக்க வேண்டியிருந்திருக்கும். இங்கே தெருவுக்குத் தெரு மொட்டை. முதல் சுற்று மருந்து முடிந்து வீட்டுக்குப் போனபோது ஆட்டோக்காரர் கண்ணாடியில் என் தலையைப் பார்த்துவிட்டு, "தர்சனம் பாகா அய்யிந்தா அம்மா?" என்று தெலுங்கில் கேட்டார். தரிசனம் நன்றாக ஆனதா என்று. ஆயிற்று என்றேன். எத்தனை நேரம் காத்திருந்தீர்கள் என்றார். ஒரு மாதம் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

என் பெயர் சகுந்தலா. சத்தியவேட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில், பிறர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவள். ரத்தத்தில் காவல் காக்கிற வெள்ளை அணுக்களுக்குப் புற்றுநோயை அடையாளம் காட்டி, அதன்மேல் ஏவிவிடுவது எப்படி என்று ஆராய்ச்சி செய்வதுதான் என் பிழைப்பு. அமெரிக்காவில் பத்துப் பன்னிரண்டு வருஷம், மிச்ச வருஷங்கள் திருப்பதியில் மாணவர்களோடு. இவ்வளவு படித்தவளுக்கே இந்த நோயா என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். டாக்டர் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வருவதில்லையா என்று சொல்லிச் சிரித்து அனுப்பினேன். உள்ளுக்குள் ஒரு சிரிப்பும் இல்லை.

ஆரம்பம் இப்படி. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம். முழங்காலிலும் தொடையிலும் இடித்துக்கொள்ளாமலே நீலத் திட்டுகள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயசாகிறது, இரும்புச் சத்துக் குறைவாக இருக்கும் என்று நானே எனக்கு மருந்து எழுதிக்கொண்டேன். விஞ்ஞானிகளுக்கு இந்தத் திமிர் உண்டு. ஒருநாள் வகுப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போது மூக்கிலிருந்து ரத்தம் வந்து நிற்கவே இல்லை. மாணவி ஒருத்தி தன் துப்பட்டாவைச் சுருட்டிக் கொடுத்தாள். அன்று மத்தியானம் என் விரலிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் போட்டு, எங்கள் லேப் மைக்ராஸ்கோப்பிலேயே பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. முற்றாத பெரிய பெரிய வெள்ளை அணுக்கள், கண்ணாடி நிறைய. வேறு யாருடைய ரத்தமாகவோ இருந்திருந்தால் மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்.

அக்யூட் லுகீமியா என்பார்கள், அவசர வகை ரத்தப் புற்றுநோய். ரத்தம் தயாராகிற இடம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. அங்கே வளர்ச்சி முடியாத வெள்ளை அணுக்கள் பெருகி, மற்ற அணுக்களுக்கு இடமில்லாமல் அடித்துவிடும். சிவப்பணு குறைவதால் மூச்சு வாங்கும், தட்டணு குறைவதால் ரத்தம் நிற்காது, நல்ல வெள்ளை அணு குறைவதால் சின்னக் கிருமிகூடப் பெரிய காய்ச்சலாகும். இடுப்பெலும்பில் ஊசியை இறக்கி மஜ்ஜையை உறிஞ்சி எடுத்துப் பார்த்து உறுதி செய்வார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்கிறார்கள். ஆனால் உறிஞ்சுகிற அந்த ஒரு நொடிக்கு எந்த ஊசியும் உதவாது. காலையே யாரோ உள்ளுக்குள்ளிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். மற்றவர்களுக்குத் தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன்: அந்த நேரத்தில் கத்தினால் ஒன்றும் குறைந்துவிடாது. நான் கத்தினேன்.

காத்திருக்கும் கூடத்தில் பாகாலாக்காரர்கள், சித்தூர்க்காரர்கள், கடப்பாவிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வந்தவர்கள் எல்லோரும் இருப்பார்கள். ரிப்போர்ட்டுகளை ஜவுளிக்கடைப் பையில் போட்டு மடியில் வைத்திருப்பார்கள். கல்யாணப் புடவை வாங்கிய பை. யார் பெயரைக் கூப்பிட்டாலும் எல்லோர் கையும் பைமேல் போகும். எனக்குத் தெரிந்த வார்த்தைகள் அவர்களுக்குத் தெரியாது என்பதுதான் எங்களுக்குள் இருந்த வித்தியாசம். அதனால் அவர்களுக்கு என்னைவிடக் கொஞ்சம் நன்றாகத் தூக்கம் வந்திருக்கலாம்.

என் அண்ணன் கோதண்டத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அறுபதைத் தாண்டியவர், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். எனக்குச் சாப்பாடு எல்லாம் குக்கரில் வெந்து, மூடி திறக்காமல் நேராகத் தட்டுக்கு வர வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அவர் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார். கிராமத்தில் அண்ணி வைத்த கஞ்சியைக் குக்கரோடு துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்து என் எதிரில்தான் திறப்பார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் என்ன கேட்டார்களோ தெரியாது.

"சூடு ஆறிப்போச்சேண்ணா," என்றேன் முதல் நாள்.

"ஆறினா இன்னா? கிருமி பூரலல்ல. நீ துன்னு."

ஆஸ்பத்திரி பில்லை என் கண்ணில் காட்டவே இல்லை. நான் மொட்டையானதைப் பார்த்துவிட்டு மறுநாளே மலைக்குப் போய்த் தானும் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். எனக்காக வேண்டிக்கொண்டதாகச் சொன்னார். லட்டை நான் சாப்பிடக் கூடாது என்றதும் அதை நர்ஸுகளுக்குக் கொடுத்துவிட்டு, கடவுளிடம் தப்புச் செய்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

முதல் சுற்றின் மூன்றாவது வாரம் என் வெள்ளை அணு கிட்டத்தட்டப் பூஜ்யம். காய்ச்சல் விடாமல் அடித்தது. அந்த நாட்களில்தான் அக்கா வந்தாள். நான் கற்பனைக்காரி இல்லை. காய்ச்சலில் மூளை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பட்டப்பகலில், கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில், நவநீதம் அக்கா உட்கார்ந்து மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாங்காய்ப் பால் பட்டுக் கையெல்லாம் சிவந்து கொப்புளித்திருந்தது. அறை முழுக்க மாங்கூழ் வாசனை. என்னைப் பார்க்கவும் இல்லை, பேசவும் இல்லை. அவள் திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு. நர்ஸ் வந்து டிரிப்பை மாற்றும்போது ஸ்டூலைத் தள்ளினாள். அக்கா விழுந்துவிடுவாளே என்று நான் கையை நீட்டினேன்.

என்னைவிட ஐந்து வயது மூத்தவள். என்னைப் படிக்க வைக்க வேண்டும் என்று தான் எட்டாவதோடு நின்றவள். பங்காருபாளையம் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரியில் சீசனுக்குச் சீசன் வேலை செய்து, அங்கேயே கல்யாணமும் ஆகி, வெகுநாள் கழித்து ஒரே ஒரு பெண்ணைப் பெற்றாள். மாங்காய்ப் பால் தோலில் பட்டால் வெந்துபோகும். கையுறையெல்லாம் அப்போது ஏது? நான் திருப்பதியில் படித்துக்கொண்டிருந்த வருஷங்களில் அவள் பஸ் ஏறி வந்து பணம் கொடுக்கும்போது அந்தக் கையைத்தான் பார்ப்பேன். பிறகு நாட்டின் கதவெல்லாம் திறந்தது என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அமெரிக்கா போய்விட்டேன். எங்கள் ஊரிலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள் நான்.

இரண்டு வருஷத்தில் அக்காவுக்கு லுகீமியா என்று கடிதம் வந்தது. எனக்கு வந்த அவசர வகை இல்லை அது. மெதுவாக, சில வருஷம் சும்மா இருப்பது போல இருந்து, ஒருநாள் திடீரென்று சீறுகிற வகை. இன்று அதற்கு மாத்திரை இருக்கிறது. தினமும் போட்டுக்கொண்டு பேரன் பேத்தி எடுக்கிறார்கள். அன்று அந்த மாத்திரை இல்லை. வேறொருவருடைய மஜ்ஜையைக் கொடுத்து மாற்றுவது ஒன்றுதான் வழி. அதற்கு, கூடப்பிறந்தவர்களில் யாருடைய அணுவாவது பொருந்த வேண்டும். அண்ணனைச் சென்னைக்குக் கூட்டிப்போய்ச் சோதித்தார்கள். பொருந்தவில்லை.

நான் ஒரு முறை லீவில் வந்து பார்த்தேன். அக்கா அப்போது நன்றாகவே இருந்தாள். அவள் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்துப்போய் என் லேப்பில் வைத்துப் பார்க்கிறேன், இந்த நோய்க்கே மருந்து கண்டுபிடிக்கிறேன் என்று பெரிய பேச்சுப் பேசினேன். புடவையை ஒதுக்கிக் கையை நீட்டினாள். "எவ்ளோ வேணுமோ எடுத்துக்கினு போடி. ஊர்ல கொசு குடிக்கறத நீ குடிச்சிட்டுப் போ," என்றாள். பனிக்கட்டி வைத்த ஃபிளாஸ்கில் இரண்டு குழாய் ரத்தத்தோடு விமானம் ஏறினேன்.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட ஆரோக்கியமான ஒருவருடைய ரத்தம் வேண்டும். அதற்கு வெளியே ஆள் தேடிப் போவதில்லை. லேப்பில் இருக்கிறவர்கள் ஒருவர் கையில் ஒருவர் ஊசி குத்தி எடுத்துக்கொள்வோம். அந்த வாரம் நானும், கூட வேலை செய்த இரண்டு பேரும் கொடுத்தோம். குழிப்பணியாரச் சட்டி மாதிரி சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் அக்காவின் அணுக்கள். மேலே ஒரு வரிசையில் ஒருவருடைய அணுக்கள், அடுத்த வரிசையில் இன்னொருவருடையது, மூன்றாவது வரிசையில் என்னுடையது.

இரண்டு பேருடைய வெள்ளை அணுக்களை ஒன்றாக விட்டால் சாதாரணமாகச் சண்டை வரும். இவன் வேற்றாள் என்று கண்டுகொண்டு காவல் அணுக்கள் பெருகத் தொடங்கும். ஐந்தாறு நாளில் எவ்வளவு பெருகின என்று அளந்துவிடலாம். எனக்கு அந்தச் சண்டைதான் வேண்டியிருந்தது. அதைப் பழக்கி நோயின்மேல் திருப்ப வேண்டும் என்பதுதான் என் ஆராய்ச்சி. மற்ற இரண்டு பேருடைய வரிசைகளும் கொதித்தன. என் வரிசை மட்டும் ஒன்றும் செய்யாமல் சும்மா கிடந்தது. நோட்டில், "என் ரத்தம் சரியில்லை. இந்த வாரம் சளி. தோல்வி" என்று எழுதி, குறுக்கே ஒரு கோடு போட்டு, தட்டைக் குப்பையில் எறிந்தேன்.

அந்த அமைதிக்கு என்ன அர்த்தம் என்பது பாடப் புத்தகத்தின் ஆரம்பத்திலேயே இருக்கிறது. இரண்டு பேருடைய அணுக்கள் சண்டை போடாவிட்டால் அவை ஒன்றையொன்று தன் ஆள் என்று நினைக்கின்றன. அதாவது, முழுப் பொருத்தம். என் மஜ்ஜை அக்காவுக்குப் பொருந்தும் என்று அந்தத் தட்டு சொன்னது. சண்டையைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு அது காதில் விழவில்லை.

அதிலிருந்து ஆறாவது மாதம் அக்கா செத்துப்போனாள். பெண் ஹேமாவுக்கு அப்போது ஆறு வயது. அடுத்த வருஷம் அங்கே முதல் முறையாகப் பாடம் எடுக்கச் சொன்னார்கள். இதே சோதனையைப் போர்டில் எழுதி, மூன்றாவது வரியில், 'பெருக்கம் இல்லையெனில் பொருத்தம்' என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. பையன்கள் காத்திருந்தார்கள். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இதை எழுதியே பயனில்லை. தட்டு இல்லாமலே எனக்கும் பொருத்தச் சோதனை செய்திருக்கலாம். லேப்பிலிருந்து லிஃப்டில் இரண்டு மாடி இறங்கினால் அந்தச் சோதனை செய்கிற இடம். நான் இறங்கவில்லை. லீவிலிருந்து திரும்பியதும் நான் போட்ட, அங்கேயே தங்குவதற்கான விண்ணப்பம் அப்போது நடந்துகொண்டிருந்தது. நடுவில் நாட்டை விட்டுப் போனால் எல்லாம் பாழ் என்று சொல்லியிருந்தார்கள். அக்காவும் போனில், "வராதடி. காயிதம் போயிடும். நான் நல்லாத்தான கீறேன்," என்றாள். பொருந்தாவிட்டால் ஒன்றும் இல்லை. பொருந்திவிட்டால் போக வேண்டும். எனக்கு அந்த 'பொருந்திவிட்டால்' பயமாக இருந்தது. அப்படியென்றால் சளி என்று எழுதியபோது எனக்கு நிஜமாகவே தெரியவில்லையா, இல்லை தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்தேனா? இத்தனை வருஷமாகக் கேட்டுப் பார்க்கிறேன், எனக்கே தெரியவில்லை. மீதியிருந்த அக்காவின் அணுக்களை உறைய வைத்து நைட்ரஜன் தொட்டியில் போட்டிருந்தேன். உறைந்தாலும் அவை சாவதில்லை. அக்காவை எரித்த பிறகும் அவள் அணுக்கள் அங்கே உயிரோடு இருந்தன. தினமும் அந்தத் தொட்டியைத் தாண்டித்தான் என் மேஜைக்குப் போவேன்.

அந்தக் காகிதம் கடைசியில் வந்தது. கொஞ்ச காலம் அங்கே இருந்துவிட்டு அதை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். அக்கா வீட்டுக்காரர் வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டிருந்தார். ஹேமா அண்ணன் வீட்டில் வளர்ந்தாள். நான் படிக்க வைத்தேன். இப்போது சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் போன் பாகங்கள் செய்கிற ஃபேக்டரியில், பொருள் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற பிரிவில் வேலை. சின்னம்மா இல்லாவிட்டால் நான் ஏது என்று எல்லோரிடமும் சொல்வாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன்.

இரண்டாவது சுற்று முடிந்ததும் டாக்டர் பத்மஜா என் கட்டிலில் உட்கார்ந்தார். நோய் இப்போதைக்கு அடங்கியிருக்கிறது, ஆனால் திரும்பி வரும், மஜ்ஜை மாற்றினால்தான் நிற்கும் என்றார். அண்ணனின் இதயம் தாங்காது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. முன்போல முழுப் பொருத்தம் வேண்டும் என்பதில்லை, இப்போதெல்லாம் பாதிப் பொருத்தம் இருந்தாலும் செய்கிறோம், நெருங்கிய சொந்தத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஹேமா தன் கையை நீட்டிவிட்டாள். புடவைக்குப் பதில் சுடிதார். மற்றபடி அதே நீட்டல்.

முடிவு வந்த அன்று டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "அக்கா பொண்ணுக்கு இப்படி வரணும்னு கட்டாயமே இல்ல மேடம். சொந்தக் கூத்துரு மாதிரி, சரியா பாதி! உங்க அக்கா இருந்திருந்தா முழுசாவே சரிபோயிருக்கும்னு நினைக்கறேன். அத்ருஷ்டம்." கூத்துரு என்றால் தெலுங்கில் மகள். ஹேமா கைகொட்டிச் சிரித்தாள். எனக்கு மட்டும் இதில் அதிர்ஷ்டம் எதுவும் இல்லை என்று தெரியும். நானும் அக்காவும் ஒரே அச்சு. அவள் பெண்ணில் பாதி நானாகத்தான் இருக்க வேண்டும்.

டாக்டர் போன பிறகு வராந்தா ஜன்னல் ஓரம் இருவரும் டீ குடித்தோம். ஹேமா கேட்டாள்:

"அம்மாக்கு ஒடம்பு சரியில்லாதப்போ இந்த டெஸ்ட்ட யாரும் பாக்கலியா சின்னம்மா?"

"உங்க மாமாவப் பாத்தாங்க. பொருந்தல."

"உன்ன?"

அந்தக் காலத்தில் வசதி இல்லை என்று சொன்னால் நம்பியிருப்பாள். சொல்ல ஆரம்பித்தும் விட்டேன். "அப்போல்லாம்" என்ற ஒரு வார்த்தை வெளியே வந்தது. அடுத்து எனக்குப் பலத்த மருந்து கொடுத்து என் மஜ்ஜையை அடியோடு அழிக்கப்போகிறார்கள். அதற்குப் பிறகு இவள் கொடுக்காவிட்டால் நான் பிழைக்க வழியில்லை. அப்போது உண்மையைச் சொன்னால், கொடுக்க மாட்டேன் என்று மறுக்க அவளுக்கு வழியிருக்காது. இப்போது சொன்னால் மறுக்கலாம். ஒருவரிடமிருந்து ரத்தம் எடுக்கும் முன் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று மாணவர்களுக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். எனக்குப் பிழைக்க ஆசையாக இருந்தது. ரொம்ப ஆசையாக இருந்தது. சொல்லிவிட்டேன். தட்டு, சளி, கோடு, இறங்காத இரண்டு மாடி, எல்லாம்.

ஹேமா முழுக்கக் கேட்டாள். கடைசியில், "டீ ஆறிப்போச்சி," என்று சொல்லி டம்ளரை ஜன்னலில் வைத்தாள். "பஸ்ஸு போயிடும். நான் வரேன்." முதுகைத்தான் பார்த்தேன். நடை அப்படியே அக்கா.

நான்கு நாள் போன் இல்லை. அண்ணன் குக்கரைத் திறந்து வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு போன எடுக்க மாட்டேங்குது. வூட்டுக்கும் வர்ல. நீ இன்னா சொன்ன அதுகிட்ட?" என்றார். வேலை அதிகமாக இருக்கும் என்றேன். டாக்டர் தினமும் வந்து, "ஃபார்ம்ல ஹேமா கையெழுத்து எப்போ மேடம்? தேதி குறிக்கணும். இன்னும் தள்ளிப் போட்டா நோய் முந்திக்கும்," என்றார். யோசிக்கட்டும், வற்புறுத்த வேண்டாம் என்று சொன்னேன். எனக்கு அப்போது காய்ச்சல் இல்லை. அக்கா வர வேண்டும் என்று ஸ்டூலைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். வரவில்லை. வெறும் ஸ்டூல் அதைவிடப் பயமாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலை ஹேமா வந்தாள். கையில் ஜவுளிக்கடைப் பை. அதற்குள் என் பழைய லேப் நோட்டின் நகல். என் வீட்டு பீரோ சாவி அவளிடம்தான் இருக்கும். வேலைக்குப் போகாமல் என் வீட்டிலேயே இருந்து படித்திருக்கிறாள். அந்தப் பக்கத்தைத் திறந்து என் போர்வைமேல் வைத்தாள்.

"இதுதான?"

"இதுதான்."

"எங்க லைன்ல ஒரு பீசு டெஸ்ட்ல சத்தமே குடுக்கலன்னா, கெட்டுப்போனது பீசா மெஷினான்னு தெரியாது. அதனால தூக்கிப் போட மாட்டோம். ரெண்டாவது வாட்டி வெப்போம். நேத்து சேர்ந்த பொண்ணுக்குக்கூட அது தெரியும். நீ இன்னாத்துக்கு ரெண்டாவது வாட்டி வெக்கல?"

இத்தனை வருஷத்தில் நான் என்னைக் கேட்ட கேள்விகளில் இது இல்லை. அக்காவின் ரத்தம் மிச்சம் இருந்தது. என் சளியும் ஒரு வாரத்தில் போய்விட்டது. வைத்திருக்கலாம்.

"பயம்," என்றேன். "பொருந்திடுமோன்னு பயம்."

அவள் அழுதாள். சத்தமாக, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, ஆறு வயதுக் குழந்தை மாதிரி அழுதாள். எனக்குத் தொட்டுத் தேற்றத் தைரியம் இல்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மாவோடது அங்க இன்னும் கீதா?" என்றாள். வரும்போது தொட்டியிலேயே விட்டுவிட்டு வந்தேன், இருக்கிறதா இல்லையா தெரியாது என்றேன். தலையாட்டினாள்.

"நான் குடுக்கறேன்," என்றாள். "உனுக்குச் செய்யலன்னா நானும் நீ செஞ்சதத்தான் செஞ்சவ ஆவேன். ஆனா மன்னிச்சிட்டியான்னு மட்டும் என்ன கேக்காத. எப்பவுமே கேக்காத."

கேட்க மாட்டேன் என்றேன். இன்றுவரை கேட்கவில்லை.

மற்றதெல்லாம் மருத்துவம். என் மஜ்ஜையை அழித்த ஆறு நாட்களில் வாயெல்லாம் புண்ணாகி எச்சில்கூட விழுங்க முடியவில்லை. ஹேமாவுக்கு ஐந்து நாள் ஊசி போட்டார்கள். மஜ்ஜையில் இருக்கும் தாய் அணுக்கள் ரத்தத்துக்கு இறங்கி வருவதற்கான ஊசி அது. எலும்பெல்லாம் குடைகிறது என்று நர்ஸிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. பிறகு ஒரு கையிலிருந்து ரத்தத்தை இயந்திரத்துக்குள் விட்டு, தாய் அணுக்களைப் பிரித்துக்கொண்டு, மறு கை வழியாகத் திருப்பி ஏற்றினார்கள். என்னிடம் வந்தது உள்ளங்கை அளவுப் பை, செம்மண் கரைத்த தண்ணீர் நிறம். முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் மறுபடியும் போட்ட மொட்டைத் தலையோடு கைகூப்பி நின்றார். பதினெட்டாம் நாள் என் வெள்ளை அணு ஏறத் தொடங்கியது. சோதித்துப் பார்த்தார்கள். அத்தனையும் ஹேமாவுடையது. என் சொந்த ரத்தம் என்று இனி என் உடம்பில் ஒன்றும் இல்லை.

அண்ணனுக்கு இதுவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குத் தமிழ் எழுத்து வராது. எழுதி முடித்ததும் ஹேமா இதை அவருக்குப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். குக்கர் மறுநாளும் வருமா என்று பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த ஐந்தாவது வாரம் என் கைகள் சிவந்தன. விரல் இடுக்கிலிருந்து மணிக்கட்டு வரை தடித்து, சின்னச் சின்னக் கொப்புளமாக எரிந்தது. எனக்கு அது என்னவென்று தெரியும். புது அணுக்கள் என் உடம்பை வேற்றாள் என்று கண்டுகொண்டு தாக்க ஆரம்பித்திருக்கின்றன. டாக்டர் பத்மஜா பார்த்துவிட்டு, "கொஞ்சம் வந்தா மஞ்சிதே. மிச்சம் மீதி கேன்சர் செல் இருந்தா அதையும் இதுங்கதான் சாப்பிடும். எக்குவா போகாம பாத்துக்கணும்," என்று சொல்லி ஒரு ஆயின்மென்ட் எழுதினார். கொஞ்சம் வந்தால் நல்லது, அதிகமாகக் கூடாது. நானும் அக்காவும் ஒன்றாக இருந்த குழியில் சத்தமே இல்லை. இவள் என்னோடு சண்டை போடுகிறாள், நான் பிழைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹேமா வந்தாள். என் கையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அம்மா கை மாதிரியே கீது."

அவளுக்கு அது ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "உன் செல்லுங்கதான்," என்றேன். "என்ன வேற ஆளுன்னு அடிக்குதுங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு ஆயின்மென்ட்டைப் பிதுக்கி, ஒவ்வொரு விரலாக, இடுக்கு விடாமல் தடவினாள்.

"எரியுதா?"

"எரியுது."

"எரியட்டும்."

இரண்டு கையும் ஆனதும் போதும், நீ கிளம்பு, பஸ் போய்விடும் என்றேன். அவள் என் கைகளைத் தன் மடிமேல் மல்லாத்தி வைத்துக்கொண்டாள்.

"இரு, காயட்டும்," என்றாள். "ரெண்டாவது வாட்டி வெக்கணும்."